பராமரிப்பாளருக்குச் சான்றிதழ் தயார். கூலி எங்கே, சட்டம் எங்கே?

2026 பிப்ரவரி 1 அன்று ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில், முதியோர் பராமரிப்புக்கு வலுவான கட்டமைப்பு உருவாக்கப்படும் என்ற அறிவிப்பு இருந்தது. வரும் ஆண்டில் 1.5 லட்சம் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி தரப்படுமாம். பராமரிப்புப் பணியோடு யோகா, நலவாழ்வு, மருத்துவக் கருவிகளை இயக்குதல் எனப் பல திறன்களும் கற்றுத் தரப்படுமாம்.

அதற்கு மூன்று நாட்கள் முன்பு, ஜனவரி 29 அன்று, வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கக் கோரி பெண் தொழிலாளர்கள் சங்கமும் பிற அமைப்புகளும் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. சட்டம் இயற்றுமாறு உத்தரவிட முடியாது, மாநில அரசுகளை அணுகுங்கள் என்றது. அத்துடன் நில்லாமல், நாட்டின் தொழில் வளர்ச்சி தடைபட்டதற்குத் தொழிற்சங்கங்களே பெருமளவு காரணம் என்ற கருத்தையும் தலைமை நீதிபதி சூர்ய காந்த் வெளியிட்டார்.

இந்த இரண்டு செய்திகளையும் நாளேடுகள் தனித்தனிப் பக்கங்களில் வெளியிட்டன. தொழிலாளி வர்க்கம் இவற்றைச் சேர்த்தே படிக்க வேண்டும். முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரிக்கப் பெண்களைத் தயார் செய்ய அரசிடம் திட்டம் இருக்கிறது. அப்படித் தயாரான பெண்ணுக்கு என்ன கூலி, எத்தனை மணி நேர வேலை, யார் முதலாளி, அவளுக்கு வயதானால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு நிதியமைச்சரிடமும் பதில் இல்லை, நீதிமன்றத்திடமும் பதில் இல்லை.

ஆண்டாப் ஹில்லின் இரண்டு முகங்கள்

மும்பை மாநகராட்சியின் எஃப் வடக்கு வார்டில் இருக்கும் ஆண்டாப் ஹில், இந்தக் கேள்விகளின் நடுவே வாழும் பகுதி. ஒரு புறம் ஒன்றிய அரசு ஊழியர்களின் குடியிருப்புகள். கானே நகரைச் சுற்றி, பல பத்தாண்டுகளுக்கு முன் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள். மறு புறம் கோக்ரி அகர், சங்கம் நகர், கோலிவாடாவின் நெருக்கமான குடிசைப் பகுதிகள். பிழைப்புத் தேடி வந்த தமிழர்களும் மராத்தியர்களும் உத்தரப்பிரதேச, பீகார் தொழிலாளர்களும் சுவரைப் பகிர்ந்து வாழும் சந்துகள். சிறிது தூரத்தில் மாட்டுங்கா. அங்கே பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்க, எண்பது வயதைத் தாண்டிய பெற்றோர் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் தனித்திருக்கிறார்கள்.

இந்த முதல் முகத்தையும் மாட்டுங்காவையும் நாள்தோறும் தூக்கி நிறுத்துபவர்கள் இரண்டாவது முகத்தின் பெண்களே. காலை எட்டு மணிக்குத் தொடங்கி இரவு எட்டு வரை ஒரு டியூட்டி. இரவு எட்டு முதல் காலை எட்டு வரை இன்னொரு டியூட்டி. சில வீடுகளில் இருபத்து நான்கு மணி நேரமும் அங்கேயே தங்கும் டியூட்டி. வேலை கிடைப்பது பெரும்பாலும் 'பியூரோ' எனப்படும் தரகு நிறுவனங்கள் வழியாக. குடும்பம் பியூரோவுக்குப் பணம் தரும். பியூரோ தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைப் பெண்ணிடம் தரும். எழுத்து மூலமான நியமனம் கிடையாது. முதியவர் இறந்துபோனால் அன்றே வேலையும் போய்விடும்.

வீட்டில் அவளை 'ஆயா' என்பார்கள். மருத்துவமனை வார்டில் 'மாவ்ஷி' என்பார்கள். சித்தி என்று பொருள்படும் இந்த மராத்திச் சொல் உறவைக் கொண்டாடுகிறது. உறவுக்காரிக்குக் கூலிச் சீட்டு எதற்கு என்ற கேள்வியையும் அதுவே சத்தமில்லாமல் கேட்டுவிடுகிறது.

தமிழ் பேசும் முதியவருக்குத் தமிழ் பேசும் ஆயாவே வேண்டும் என்று குடும்பங்கள் கேட்கின்றன. மறதி நோய் முற்றிய ஒருவர் இடையில் கற்ற மொழிகளை இழந்து தாய்மொழிக்குத் திரும்பும்போது, அந்த மொழி அறிந்த பெண் மருந்துக்கு நிகரானவள். ஆனால், மொழி ஒன்றாக இருப்பதால் சாதி மறைந்துவிடுவதில்லை. மலமும் சிறுநீரும் துடைக்கும் கைகள் சமையலறையின் பாத்திரத்தைத் தொடக் கூடாது என்ற விதி இன்றும் பல வீடுகளில் நடப்பில் இருக்கிறது. அவளுக்குத் தனித் தம்ளர், தனித் தட்டு. அசுத்தம் எனக் கருதப்படும் வேலையை யார் செய்ய வேண்டும் என்று வர்ணாசிரமம் வகுத்ததோ, அதே பிரிவுகளின் பெண்களே இந்தத் தொழிலில் பெருமளவு இருக்கிறார்கள்.

ஆண்டாப் ஹில் அடங்கிய சயான் கோலிவாடா தொகுதியில் 2014 முதல் தொடர்ந்து மூன்று முறை வென்றவர் பாஜகவின் கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வன். தமிழர் ஒருவர் சட்டமன்றத்தில் அமர்ந்ததால் தமிழ்ப் பெண்ணின் டியூட்டி நேரம் பன்னிரண்டிலிருந்து எட்டாகக் குறைந்துவிடவில்லை.

குறைவது பயிற்சியா?

பயிற்சி வேண்டாம் என்று எந்தத் தொழிலாளியும் சொல்லவில்லை. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். குழாய் வழியே உணவு தரும்போது தலையை உயர்த்தி வைக்காவிட்டால் உணவு நுரையீரலுக்குள் போகலாம். இன்சுலின் போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சரிந்து மயக்கம் வரும். முதுகை வளைத்துக் கனமான உடலைத் தூக்கினால் தூக்குபவளின் இடுப்பு முறியும். இவையனைத்தும் அறிவும் பழக்கமும் தேவைப்படும் திறன்கள். ஆண்டாப் ஹில்லின் பெண்கள் பலர் இவற்றை எந்த வகுப்பறையிலும் கற்கவில்லை. ஒருவர் மற்றவருக்குச் சொல்லியும், தவறு செய்து வசவு வாங்கியும் கற்றார்கள். முறையான பயிற்சி அவர்களுக்கும் நோயாளிக்கும் பாதுகாப்பு.

அரசு நடத்தும் பயிற்சி அப்படிப்பட்டதுதானா? 2015இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் வீட்டு நலப் பணியாளர், முதியோர் பராமரிப்பு உதவியாளர் போன்ற பிரிவுகள் முன்பே இருக்கின்றன. அந்தத் திட்டத்தின் முதல் மூன்று கட்டங்களை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயிற்சி பெற்றதாகக் காட்டப்பட்டவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரின் வங்கிக் கணக்கு விவரங்கள் வெற்றாகவோ செல்லாதவையாகவோ இருந்தன. வெறும் ஒன்றுகளை வரிசையாக எழுதிக் கணக்கு எண் என்று பதிந்திருந்தார்கள். சான்றிதழ் பெற்றவர்களிலும் வேலை கிடைத்தவர்கள் பாதிக்கும் குறைவு. பயிற்சி மையங்கள் வளர்ந்தன, தொழிலாளி வளரவில்லை.

உண்மையான பயிற்சியே தரப்பட்டாலும், சான்றிதழோடு வரும் பெண்ணுக்குச் சான்றிதழ் இல்லாத பெண்ணைவிட அதிகக் கூலி தரவேண்டும் என்று பியூரோவையோ குடும்பத்தையோ கட்டாயப்படுத்த என்ன விதி இருக்கிறது? திறனுக்கேற்ற கூலி விகிதம் இல்லாத இடத்தில் திறன் சான்றிதழ் என்பது சுவரில் மாட்டும் படம் மட்டுமே. வேலையில்லாமைக்கும் குறைகூலிக்கும் காரணம் தொழிலாளியின் 'திறனின்மை' என்ற பழியை அவள் தலையிலேயே சுமத்துவதற்கு அந்தப் படம் பயன்படுகிறது.

சட்டம் அடைத்த இரண்டு கதவுகள்

29 தொழிலாளர் சட்டங்களை அழித்து எழுதப்பட்ட நான்கு சட்டத் தொகுப்புகளை மோடி அரசு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவற்றில் ஒன்றான தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 'தொழில்' என்பதன் வரையறையிலிருந்து இரண்டு இடங்களை வெளியே வைக்கிறது. ஒன்று, வீட்டுப் பணி. மற்றொன்று, அறப்பணியிலும் சமூகத் தொண்டிலும் முழுமையாகவோ பெருமளவிலோ ஈடுபட்டுள்ள அமைப்புகள் நடத்தும் நிறுவனங்கள்.

பராமரிப்புத் தொழிலாளி எங்கே வேலை செய்கிறாள்? தனியார் வீட்டில் அல்லது அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில். வீட்டுக்குப் போனால் அது வீட்டுப் பணி, தொழில் அல்ல. இல்லத்துக்குப் போனால் அது அறப்பணி, தொழில் அல்ல. 1.5 லட்சம் பெண்களைத் தயார் செய்யும் அரசு, அவர்கள் நுழையப்போகும் இரண்டு கதவுகளிலும் தொழிலுறவுச் சட்டம் கூடவே நுழைந்துவிடாதபடி முன்கூட்டியே பூட்டுப் போட்டிருக்கிறது.

மகாராட்டிரத்தில் 2008ஆம் ஆண்டின் வீட்டு வேலைத் தொழிலாளர் நல வாரியச் சட்டம் இருக்கிறது. போராடிப் பெற்ற அந்தச் சட்டம் பதிவையும் நலத்திட்டங்களையும் பேசுகிறது, கூலியை நிர்ணயிக்கவில்லை. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கை 2011இல் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இன்று வரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. வீட்டுப் பராமரிப்புச் சேவை நிறுவனங்களைப் பதிவு செய்யவும் தரம் நிர்ணயிக்கவும் வகைசெய்த மூத்த குடிமக்கள் சட்டத் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. முழுப் பெரும்பான்மை வைத்திருந்த அரசு, ஐந்தாண்டுக் காலம் முடியும் வரை அதை நிறைவேற்றாமல் காலாவதியாக விட்டது. பியூரோக்கள் மீது கட்டுப்பாடு இல்லாதது மறதியால் நேர்ந்ததில்லை.

ஏற்றுமதிக்கான கைகள்

அரசு யாருக்காக இந்தக் கைகளைத் தயார் செய்கிறது என்பதற்கு விடை வெளிநாட்டு ஒப்பந்தங்களில் இருக்கிறது. 2023 மே மாதம் இஸ்ரேலுடன் 42,000 தொழிலாளர்களை அனுப்பும் உடன்பாடு கையெழுத்தானது. அதில் 8,000 பேர் பராமரிப்புப் பணிக்கு. காசாவில் இனப்படுகொலை நடந்துகொண்டிருந்த 2024 செப்டம்பரில், மேலும் 5,000 பராமரிப்பாளர்கள் தேவை என்று தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் அறிவித்தது. தகுதி பத்தாம் வகுப்பு, அங்கீகாரம் பெற்ற இந்திய நிறுவனத்தின் சான்றிதழ், குறைந்தது 990 மணி நேர நேரடிப் பணிப் பயிற்சி. இஸ்ரேல் கேட்டால் எத்தனை மணி நேரப் பயிற்சி என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது. ஆண்டாப் ஹில்லில் எத்தனை மணி நேர வேலை என்று வரையறுக்க மட்டும் முடிவதில்லை.

பிரிட்டனின் அனுபவம் இன்னும் கசப்பானது. இங்கிலாந்தின் பராமரிப்புத் துறையில் 2021-22இல் 1,65,000 பணியிடங்கள் காலியாகக் கிடந்தன. கூலியை உயர்த்தி அவற்றை நிரப்புவதற்குப் பதில், 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா திறந்தார்கள். இந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கேரளத்திலிருந்து, கடன் வாங்கித் தரகர்களுக்கு லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்துப் பலர் போனார்கள். போனவர்களில் பலருக்குச் சொன்ன வேலை இல்லை. 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் 470க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் உரிமங்கள் பறிக்கப்பட்டன. அவற்றோடு பிணைக்கப்பட்டிருந்த தொழிலாளர்கள் ஏறத்தாழ 39,000 பேர். 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்துவரும் உரிமை பறிக்கப்பட்டது. 2025 ஜூலை 22 அன்று வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் கதவே மூடப்பட்டது. ஆட்சி மாறியது; கன்சர்வேட்டிவ் திறந்த கதவை லேபர் மூடியது. இரண்டு கட்சிகளுக்கும் இந்தியப் பெண்ணின் உழைப்பு, தேவைப்படும்போது திறந்து தேவை முடிந்ததும் மூடும் குழாய்.

வெளிநாடு போக விரும்பும் மகளைத் தடுப்பது கட்சியின் வேலை அல்ல. அவள் தரகரிடம் சிக்காமல் போகவும், அங்கே சங்கத்தில் சேரவும் வழிகாட்டுவது கட்சியின் வேலை. ஆனால் 'பயிற்சி பெறு, வெளிநாடு போ' என்பதை ஒரு நாட்டின் முதியோர் கொள்கையாக விற்பதை அம்பலப்படுத்தியே ஆக வேண்டும்.

'சேவை' என்னும் பொறி

பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் தர்மம், அரசு அதில் தலையிட என்ன இருக்கிறது என்பது சங் பரிவாரின் வாதம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் சுமையை முதலில் பிள்ளைகள் மீதே வைக்கிறது. 'பிள்ளைகள்' என்று எழுதப்பட்டிருந்தாலும் அதை 'மகள்', 'மருமகள்' என்றே படிக்க வேண்டும். 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டில் ஒருவரைப் பராமரிக்கும் பணியில் நாள்தோறும் ஈடுபடுகிறார்கள். அதே வயது ஆண்களில் அது 21.4 விழுக்காடு. அப்படி ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 140 நிமிடங்களைச் செலவிடுகிறாள். ஆண் 74 நிமிடங்கள்.

வீட்டில் கூலியில்லாமல் செய்வதால்தான் வெளியிலும் இந்த வேலைக்குக் கூலி குறைகிறது. அன்பால் செய்வதற்கு விலை கேட்கலாமா என்கிறார்கள். ஆஷா ஊழியர்களைத் 'தன்னார்வலர்' என்று அழைத்து ஊக்கத்தொகை தருவதும் இதே தந்திரம். திட்டத் தொழிலாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. 2015இல் 46ஆவது மாநாட்டை நடத்தியதோடு மோடி அரசு அந்த மாநாட்டையே கைவிட்டது.

தர்மம் பேசும் இந்த அரசு, வறிய முதியவருக்குத் தன் பங்காகத் தரும் ஓய்வூதியம் எவ்வளவு? 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 80 வயதுக்கு மேல் 500 ரூபாய். 2024 அக்டோபரில் 70 வயது கடந்த அனைவருக்கும் 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு என்று முரசறைந்தார்கள். அது மருத்துவமனையில் சேர்ந்தால்தான் செல்லும். பக்கவாதம் வந்து வீடு திரும்பிப் பத்தாண்டுகள் படுக்கையில் கிடப்பவருக்கு, புரட்டிப் படுக்க வைக்கும் ஒரு கைக்காக, அதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

ஓய்வூதியர் எதிரியா?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது; அதைத் தாண்டிப் போகக் கூடாது. கானே நகரின் ஓய்வுபெற்ற எழுத்தர் பெரிய முதலாளி அல்ல. தன் ஓய்வூதியத்தில் பெரும் பகுதியைப் பகல் டியூட்டிக்குக் கொடுத்துவிட்டு, இரவு டியூட்டிக்குப் பணமின்றி எழுபத்தைந்து வயதில் மனைவியைத் தானே தூக்குகிறவர் அவர். ஆயாவின் கூலியை இரட்டிப்பாக்கச் சொன்னால் அவர் ஆயாவையே நிறுத்திவிடுவார். ஆயாவின் வீட்டிலோ இன்னும் கொடிது. பகல் முழுதும் வேறொருவரின் தாயைக் கவனிக்கும் பெண்ணின் தாய், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் பேத்தியின் பொறுப்பில் கிடக்கிறாள். பேத்தி அன்று பள்ளிக்குப் போகவில்லை.

தாராவி மறுவளர்ச்சி என்ற பெயரில், 2000க்குப் பிறகு குடியேறியவர்களையும் மேல்தளத்தில் வாழ்பவர்களையும் தாராவிக்கு வெளியே அனுப்பத் திட்டம் இருக்கிறது. அதானியின் நிறுவனத்துக்கு 80 விழுக்காடு பங்குள்ள அந்தத் திட்டம் நடந்தேறினால், இரவு டியூட்டி முடித்து மாட்டுங்காவிலிருந்து நடந்தே வீடு சேரும் பெண்கள் முலுண்டின் உப்பள நிலங்களிலிருந்து ரயில் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஆக, ஆயாவின் கூலியை ஓய்வூதியரின் பணப்பையோடு கட்டிவைக்கும் வரை இருவருக்கும் விடிவில்லை. பராமரிப்பைப் பொதுச் சேவையாக்கினால்தான் ஒருவரின் கண்ணியம் மற்றவரின் பட்டினியில் நிற்காது. ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் நீண்டகாலப் பராமரிப்புக்குப் பொதுக் காப்பீட்டைக் கொண்டுவந்தன. கேரளம் 2008இல் வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்து, உள்ளாட்சிகளின் வழியே செவிலியரைப் படுக்கையருகே அனுப்பியது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வலிதணிப்பையும் இயன்முறை மருத்துவத்தையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது. இவற்றிலும் குறைகள் உண்டு. வீடு வீடாக நடக்கும் பெண்களுக்கு நிரந்தரப் பணி இல்லை என்பது முதன்மையான குறை. ஆயினும் பொதுப்பணத்தில் இது முடியும் என்பதற்கு இவை சான்று. நாட்டிலேயே செல்வம் மிகுந்த மாநகராட்சி மும்பை. இங்கே முடியாது என்று யார் சொல்வது?

கோரிக்கைகளும் கடமையும்

நல்ல கருத்து என்று கேட்டுக் கலைவதற்கு இது கருத்தரங்கப் பொருள் அல்ல. ஆண்டாப் ஹில், தாராவி, செம்பூர்ப் பகுதிகளில் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை:

• வீட்டில் செய்தாலும் அறக்கட்டளை இல்லத்தில் செய்தாலும் பராமரிப்புப் பணியைத் தொழிலாகச் சட்டம் ஏற்க வேண்டும். தொழிலாளர் விரோதச் சட்டத் தொகுப்புகளைத் திரும்பப் பெற வேண்டும்.

• எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, திறனுக்கேற்ற குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க வேண்டும். பல ஆண்டுகள் பணி செய்தவர்களின் அனுபவத்தை முழுத் தகுதியாகக் கணக்கிட வேண்டும்.

• பியூரோக்கள் அனைத்தும் பதிவு செய்யப்பட வேண்டும். தொழிலாளியின் கூலியிலிருந்து தரகு பிடிப்பதைத் தடைசெய்ய வேண்டும்.

• மாநகராட்சி மருத்துவமனைகளில் உதவித்தொகையுடன் கட்டணமில்லாப் பயிற்சி தர வேண்டும். பயிற்சி முடித்தவர்களை வார்டு தோறும் பொது வீட்டுப் பராமரிப்புச் சேவையில் நிரந்தரமாக நியமிக்க வேண்டும்.

• குடிசைப் பகுதிகளில் முதியோர் பகல்நேர மையங்களைத் திறக்க வேண்டும். ஒன்றிய அரசின் 200 ரூபாய் ஓய்வூதியத்தை வாழ்வதற்கேற்ற தொகையாக உயர்த்த வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளைத் தூக்கிச் செல்ல வேண்டிய கிளைகளில் ஒரு தயக்கமும் உண்டு. அதையும் களைய வேண்டும். ஆலைத் தொழிலாளியே தொழிலாளி, ஆயா வேலை பெண்கள் கைச்செலவுக்குச் செய்வது என்ற எண்ணம் பழைய தோழர்கள் சிலரிடம் இன்னும் இருக்கிறது. மும்பையின் பஞ்சாலைகள் மூடிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அந்த ஆலைத் தொழிலாளியின் வீட்டு அடுப்பு அதன்பின் எரிந்தது பல இடங்களில் மனைவியின், மகளின் வீட்டு வேலையால். தோழரின் வீட்டிலேயே ஒரு பராமரிப்புத் தொழிலாளி இருக்கக் கூடும்; அவர் எந்தச் சங்கத்தில் இருக்கிறார் என்று அவரிடம் கேட்டதுண்டா?

ஞாயிறு மாலைக் கூட்டத்துக்கு இந்தப் பெண்கள் வர முடியாது. அவர்களுக்கு ஞாயிறு இல்லை. காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் டியூட்டி மாறும் வேளையில், அவர்கள் நடந்துபோகும் பாதையில்தான் கூட்டம் நடக்க வேண்டும். சந்து சந்தாகப் பட்டியல் எடுக்க வேண்டும். நல வாரியப் பதிவுக்கு உடன் செல்ல வேண்டும். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வேலைத் தொழிலாளிக்கும் பொருந்தும், மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவில் புகார் தரலாம் என்பதை ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். துண்டறிக்கை தமிழில் மட்டும் இருந்தால் போதாது. மராத்தியிலும் இந்தியிலும் வேண்டும். 1966இல் பிறந்த சிவசேனை தென்னிந்தியரை எதிரியாகக் காட்டித்தான் இந்நகரில் வளர்ந்தது. மராத்திய ஆயாவும் தமிழ் ஆயாவும் பீகார் ஆயாவும் ஒரே பியூரோவின் வாசலில் கூலிக்குக் காத்திருக்கும்போது, சங்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அரசு 1.5 லட்சம் பெண்களைத் தயார் செய்யட்டும். அவர்கள் தலைகுனிந்து வீடு நுழையும் ஆயாக்களாக அல்லாமல், தம் உரிமையறிந்த தொழிலாளர்களாக வேலைக்குப் போகும்படி தயார் செய்யும் பொறுப்பு கட்சியுடையது. அந்தப் பயிற்சிக்கு 990 மணி நேரம் தேவையில்லை; டியூட்டி மாறும் வேளையின் அரை மணி நேரத்தில் அதைத் தொடங்கலாம்.